நாற்பத்திரண்டு விநாடி

திருச்செங்கோடு, சங்ககிரி ரோடு.
போர்வெல் ரிக் ஆபீஸ் ஒன்றில்
இன்டர்நெட் போன் சரியாக அடிப்பதில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள்.
போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் அடிக்கிறது.
இருபதாவது விநாடியில் நின்றுவிடுகிறது,
அவ்வளவுதான்.
அப்புறம் ஒரு பெண்குரல்
பீப் சத்தத்துக்குப் பின் பேசுங்கள் என்கிறது, ஆங்கிலத்தில்.

யாரும் பேசியிருக்கவில்லை.
வாய்ஸ்மெயிலைத் திறந்தால் நாற்பத்தொன்று கிடந்தது.
கம்ப்ரஸர் இரைச்சல்.
கம்ப்ரஸர் இரைச்சல்.
யாரோ யாரையோ இந்தியில் வைவது.
"அக்கா… அக்கோவ்…
செரி, மிசினு எடுத்துருச்சு, வையிடா."
இருபத்தெட்டாவதில் மட்டும் ஒரு டிரில்லர், மூச்சுவிடாமல்:
"அறுநூத்தி நாப்பது அடி போயாச்சுங், புகைதான் வருது,
தோட்டத்துக்காரரு நிறுத்தச் சொல்றாரு, அவரு தம்பி வேண்டாங்கறாரு,
நிறுத்தட்டுமா, ஓட்டட்டுமா?"
பிறகு மூன்று விநாடி
பதிலுக்காக நிற்கிற இரைச்சல்.

கோகிலவாணி அக்கா பில் புத்தகத்தைப் புரட்டினார்.
"எழுநூத்தி எம்பது வரைக்கும் ஓட்டிட்டாங்க.
ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம்.
மிச்ச அடிக்குக் காசு வரல."
அன்றைக்கு அவர் பின்னால் யார்டில்
பிட்டுகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தாராம்.
"ஓடியாந்தனுங். கதவுகிட்ட வர்றக்குள்ள நின்னுபோச்சு."

முதலாளி செங்கோட்டுவேலுக்கு வேறு கணக்கு.
"பத்து விநாடி ஆக்கீருங்க தம்பி.
ரொம்ப நேரம் அடிச்சா
ஆபீஸ்ல ஆளில்லீன்னு நெனைப்பாங்க."
அக்கா நிமிரவில்லை.
"தண்ணிக்குன்னா ஆயிரம் அடி பாக்கறீங்க" என்றார்,
கால்குலேட்டரிடம்.
முதலாளிக்கு செல்லில் ஏதோ அழைப்பு வந்தது,
அல்லது வந்ததுபோல் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் அளந்தேன்.
பைப் அடுக்கு. டீசல் பேரல். வெல்டிங் ஷெட்.
ரிக் கழுவிய சேற்றைச் சுற்றிக்கொண்டு
மேலே நாலு படி.
மெதுவாக நடங்கள், முட்டி வலிக்கிற நாளில் நடக்கிற மாதிரி, என்றேன்.
"முட்டி வலீன்னு உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"
முப்பத்தேழு விநாடி.

நம்மூர் மணி இரண்டு தட்டு தட்டும்,
இரண்டு விநாடி சும்மா இருக்கும்.
சுற்றுக்கு மூன்று என்று வைத்தால்
பதினாலு சுற்று, நாற்பத்திரண்டு.
போட்டு, சேமித்து,
கேட்டுக்கு வெளியே நின்று அழைத்துப் பார்த்தேன்.

முப்பதில் எடுத்தது. வேறொரு பெண்குரல்.

லைன் கொடுக்கிற கம்பெனியும்
தன் பங்குக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறது.
பெட்டி எத்தனை இருந்தாலும்
எவன் பொறுமை சின்னதோ அவனே முந்துகிறான்.
கம்பெனியைக் கூப்பிட்டேன்.
பத்தொன்பது நிமிடம் புல்லாங்குழல்.
ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
அக்கா பங்கு வைத்த அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டேன்,
நெய் கொஞ்சம் கூடுதல்.
கடைசியில் வந்த பையன் கேட்டான்:
"சார், யாருமே எடுக்கலைன்னா
அவ்வளவு நேரம் எதுக்கு சார் அடிக்கணும்?"
வாயில் சோறு இருந்தது. அறுபது போடப்பா, என்றேன்.

பத்து நாள் கழித்து பில் பாக்கிக்காக
அந்த நம்பருக்கு நானே அழைத்தேன்.
எண்ணினேன், தொழில் பழக்கம்.
ஏழாவது சுற்றில் கட்டைவிரல்
சிவப்புப் பக்கம் போய்விட்டது.
இழுத்துப் பிடித்தேன்.
பத்து.
பதினொன்றில், அந்தச் சேறு காய்ந்திருக்குமா.
பன்னிரண்டு.

பதிமூன்றில் எடுத்தார்.
முதலில் நாற்காலியை இழுக்கும் சத்தம்.
உட்கார்ந்தார்.
யாரிடமோ "டீயை அங்கயே வை" என்றார்.
அப்புறம்தான்,
"சொல்லுங்."