நாலாயிரத்துக்கு இந்தப் பக்கம்

சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரி.
மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான்
என் பெயர் எனக்குக் கேட்டது.

ஐஸ்பெட்டி போல ஓர் அறை. கண்ணாடிக்கு அப்பால்
மெர்லின் என்று பெயர் குத்தியிருந்த பெண்
சொன்னதை உதட்டில் படித்தேன்:
சத்தம் வந்தா பட்டனை அமுக்குங்கண்ணா.

வந்தது.
முதலாவது, எங்கள் கம்ப்ரஸரின் சுருதி.
அடுத்தது யார் வீட்டிலோ குக்கர் விசில்.
அப்புறம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாத இடத்தில்
எப்போதும் போல ஒரு பாட்டு வந்து உட்கார்ந்தது.
பல்லவி முடிந்து தபேலா திரும்பும்போது
கட்டைவிரல் தானாக அமுக்கிவிட்டது.

கதவைத் திறந்து வந்தாள்.
"நான் ஒண்ணுமே போடலையே,
எதைக் கேட்டு அமுக்குறீங்க?"

சொல்லியிருக்கலாம்.
இருபத்திரண்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட், பிரஸ் ஷாப்.
நிமிஷத்துக்கு நாற்பது முறை தகடு அறைபடும்.
குத்துப்பாட்டென்றால் அறைக்கு நாலு எண்ணிக்கை,
சோகப்பாட்டுக்கு இரண்டு.
காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள்.
வைத்தால் தாளம் போய்விடும்.
இதை எப்படி ஒரு பெண்ணிடம் சொல்வது.

காகிதத்தில் கோடு சமமாக வந்து
நாலாயிரம் என்று போட்டிருந்த இடத்தில்
தடாலென்று இறங்கியிருந்தது,
மழை விட்ட பிறகு எங்கள் தெரு.
அந்தப் பள்ளத்தில் என்னென்ன கிடக்கிறதென்று
ரயிலில் கணக்குப் பார்த்தேன்.
ஜால்ரா. சலங்கை.
வில் பட்டு, நாதம் வருவதற்கு முன்
வயலினில் ஓர் உரசல்.
பாடுகிறவர் மூச்சிழுப்பது.
அது போனதுதான் வருத்தம்.

வியாசர்பாடியில் ஏறிய பையன்
போனில் சத்தமாகப் பாட்டு வைத்தான்.
எல்லோரும் முறைத்தார்கள்.
எனக்குத் தெரிந்த பாட்டு.
கேட்காத ஜால்ராவை
விரலால் நானே கம்பியில் போட்டுக்கொண்டு வந்தேன்,
கொரட்டூர் வரை.
பையன் பார்த்தான்.
சத்தத்தைக் குறைக்கவில்லை.

சொர்ணாவிடம் சொன்னேன்:
பாதிக் காதுதானாம் இனி.
அழவில்லை. மெஷின் என்ன விலை என்றாள்,
பருப்பு களையப் போய்விட்டாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம்,
அவள் பாடி நான் கேட்டதில்லை.
பெண் பார்க்கப் போன அன்று
தொண்டை கட்டியிருக்கு என்றவள்.

அன்றிரவு குழாயைத் திறந்துவிட்டு
முதுகைக் காட்டிக்கொண்டு
பாடினாள்.
சுருதி கொஞ்சம் இறங்கித்தான் நின்றது.
இரண்டாவது சரணத்தில் வார்த்தை மறந்து
லாலலா என்று தாண்டிப் போனாள்.
தடித்த குரல்.
பள்ளத்துக்கு இந்தப் பக்கமே,
முழுசாக.

இப்போது தினமும் பாடுகிறாள்.
மெஷினுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு
காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது.
எப்போதாவது சட்டென்று திரும்பி
என்னங்க, கேக்குதா என்பாள்.
பேப்பரிலிருந்து தலையை எடுப்பதில்லை நான்.
கால் கட்டைவிரலைத்தான்
எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை.