திரும்புவதற்கு ஐந்தடி

கதவு இருபத்தெட்டு அங்குலம்.
நாற்காலி இருபத்தேழு.
மிச்சமுள்ள ஓர் அங்குலத்தை
என் இரண்டு கைகளின் விரல்கணுக்களும்
பங்கிட்டுக்கொள்கின்றன.
எங்கள் லயத்தில் என் கதவுநிலையில் மட்டும்
இடுப்புக்குக் கீழே நீலப் பெயின்ட் உரிந்திருக்கிறது.

உள்ளே போய்விடலாம்.
உள்ளே போவதைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள்.
பலகை போடுகிறார்கள், சறுக்குப்பாதைக்குச் சீமெந்து தருகிறார்கள்,
பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
எப்படி விழுந்தாய் என்று கேட்டவர்கள் நிறைய.
எப்படித் திரும்புவாய் என்று
ஒருவரும் கேட்டதில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா.
கட்டில், அலுமாரி, தையல் மெசின்,
ஒரே ஆணியில் மாதாவும் முருகனும்,
கடைசியில் அடுப்பு.
நேரே போவேன். சோறு வடிப்பேன்.
அப்படியே பின்னால் வருவேன்,
கினிகத்தேனை வளைவில்
லொறிக்கு வழிவிடும் பஸ் மாதிரி.
வாசலில் நின்று என் மகன் துஷ்யந்தன்
கொண்டக்டர் ஆகிவிடுவான்:
"வா வா வா… ஒடி, ஒடி… ரைட்!"

ஹட்டனில் ஒரு கந்தோர்.
சேமலாபக் காசுக்குப் போயிருந்தேன்.
சறுக்குப்பாதை உண்டு, கைப்பிடிகூட உண்டு.
உள்ளே மூன்றாம் மேசை வரை
இருபுறமும் ஃபைல் கட்டுகள், நடுவே நான்.
"படிவம் முதல் கவுன்டர்ல. திரும்பிப் போங்க,"
சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

திரும்பிப் போ.
என் அப்பாவின் அப்பாவிடம் நாடே சொன்ன இரண்டு சொல்.
அவர் போகவில்லை.
நான் போகத்தான் பார்த்தேன்,
இடமில்லை.
அரசனிடம் விடைபெறுகிறவள் போல
முதுகு காட்டாமல் பின்னாலேயே வந்தேன்.
எனக்குப் பின்னால் நின்ற வரிசை மொத்தமும்
என்னோடு சேர்ந்து பின்னால் வந்தது.

ஐந்தடி என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.
மழை விட்ட ஒரு ஞாயிறு, பிரட்டுக்களத்துச் சேற்றில்
ஒருமுறை முழுதாய்ச் சுற்றினேன்.
தடத்தின் மேல் டேப் பிடித்த துஷ்யந்தன்
அறுபது அங்குலம் என்றான்.
பிறகு, "இன்னொரு தரம் சுத்தும்மா" என்றான்.

இப்போது வீட்டுத்திட்டம். ஏழு பேர்ச்.
முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்பு தூவியாயிற்று.
குணநாயகம் மேசன் பாஸுக்குப் பெருமை.
"கக்கூஸ் வாசல பாத்தியா யோகராணி? மூணடி."
"உள்ள போனா, பாஸ்?"
"உள்ள போனா என்ன?"
மூன்றுக்கு ஐந்து.

என்னைத் தூக்கிக் கல்லடுக்கில் வைக்கச் சொன்னேன்.
"ஏறி உக்காருங்க பாஸ்."
சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார்.
இன்னும் எழும்பாத சுவர்களுக்குள்
உருட்டிக்கொண்டு போனார்.
ஒரு முளை சாய்ந்தது.
நூல் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.
இன்னொரு முளை.
வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.
முப்பது வருடம் சுவர் கட்டியவர்,
வெறும் காற்றில்
ஒரு சுவர் தன்மேல் இடிப்பதை
அப்போதுதான் அறிந்திருக்க வேண்டும்.

"அடுப்படி சுருங்கிரும்."
"சுருங்கட்டும்."
"பிளான்ல இல்லியே. டீஓ வந்து கேட்டா?"
"வரட்டும். நாக்காலி இங்கதானே இருக்கும்."

முளையைப் பிடுங்கி
இரண்டடி தள்ளி அடித்தார்.
எழும்பும்போது
நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார்.

டீஓ வியாழக்கிழமை வருவாராம்.
இரண்டு வியாழன் போயிற்று.
நான் இன்னும் பின்னாலேயே வருகிறேன்,
விரல்களில் கொஞ்சம் நீலத்தோடு.
சுண்ணாம்புக் கோட்டை மழை கொண்டுபோய்விட்டது.
முளை மட்டும் நிற்கிறது.
அதில் யாரோ ஆட்டைக் கட்டிவிட்டுப் போக,
அது கயிறு எட்டும்வரை சுற்றிச் சுற்றி மேய்ந்து
புல்லில் ஒரு வட்டம் போட்டுவைத்திருக்கிறது.

துஷ்யந்தனிடம் சொல்லியிருக்கிறேன்,
பள்ளிக்கூடம் விட்டு வந்ததும்
அதை அளந்து பார்க்கச் சொல்லி.