டிசம்பர் இருபத்தைந்துக்கு ஒரு கையெழுத்து

சாலை கடலுக்குள் முடிகிற ஊர்.
யார்க்‌ஷயரின் இந்த ஓரத்தில் மண்ணே சொத்தை;
ஆண்டுக்கொரு கொல்லையாவது
வேலியோடு உதிர்கிறது.
விளிம்புக்கு நான்கு தெரு இந்தப்புறம்,
மீன் வறுவல் கடைக்கும் பந்தயக் கடைக்கும் நடுவில்
சக்டன் பல் மருத்துவமனை.

ஒன்பதுக்குப் போக வேண்டியவள்
எட்டரைக்கே போய்
காருக்குள் இருந்து கதவைப் பார்க்கிறேன்.
அடையாள அட்டையைக் காட்டும் முன் ஒரு முகம்,
காட்டிய பின் ஒரு முகம்.
முதலாவதுதான் எனக்கு வேண்டும்.

தெல்மா ரக்ஸ்டன். ஆய்வாளர்.
பத்தொன்பது ஆண்டு நாற்காலியருகே
உறிஞ்சுகுழல் பிடித்து நின்ற செவிலி,
ஏழாண்டாகக் கோப்பும் பேனாவும்.
வெந்நீர்க் குழாயில் வெப்பமானியைப் பிடிப்பேன்.
உருப்பெருக்கி விளக்கின் கீழ்
ஒவ்வொரு கொக்கியின் கழுத்தையும் திருப்பிப் பார்ப்பேன்,
காய்ந்த கடுகளவு சிவப்பு ஒட்டியிருக்கிறதா என்று.
ஆக்சிஜன் உருளை எங்கே எனக் கேட்டுவிட்டு
சுட்டும் விரலைப் பார்க்க மாட்டேன்,
சுட்டுமுன் தயங்கும் கண்ணைப் பார்ப்பேன்.

போன வாரம் வேறோர் ஊர்.
சலவைக்கல் தரை, ஆர்க்கிட் பூ,
காத்திருப்போர் குடிக்க எலுமிச்சை மிதக்கும் நீர்.
கிருமிநீக்கி இயந்திரப் பதிவேட்டில்
நாள்தோறும் ஒரு டிக், ஒரே நீல மை,
ஒரே சாய்வு.
புரட்டிக்கொண்டே போனேன்.
டிசம்பர் இருபத்தைந்து:
சோதனை சரி. கையெழுத்து.
பூட்டிக் கிடந்த கட்டடத்தில்
யாரோ ஆவி பிடித்திருக்கிறார்கள்.
அத்தனை வெள்ளைப் பூச்சும்
அந்த ஒரு வரியில் பல்லிளித்துவிட்டது.

இங்கே சுவர்க்காகிதம் ஈரத்தில் உப்பியிருக்கிறது.
பதிவேட்டின் மூலையில் காபிக் கறை.
மார்ச்சில் மூன்று நாள் வெறுமை;
குறுக்கே டோனியாவின் உருண்டைக் கையெழுத்து:
"பட்டை நிறம் மாறவில்லை. மறுபடியும் போட்டேன், மாறவில்லை.
பதினோரு பேரைத் திருப்பி அனுப்பினோம்.
மிஸ்டர் ட்ரான்மர் கத்தினார்.
அவர் கன்னம் வீங்கித்தான் இருந்தது."

அதை இரண்டு முறை படித்தேன்.
ஏழாண்டில் ஒரு பதிவேட்டை
இரண்டு முறை படித்ததில்லை.

பிறகு அவசர மருந்துப் பெட்டி.
அட்ரினலின் சரி. ஆஸ்பிரின் சரி.
குளூக்ககான், சர்க்கரை தாழ்ந்து சரிபவருக்கு:
குளிர்பெட்டியை விட்டு வெளியே வைத்தால்
ஆயுள் குறையும், புதுத் தேதி எழுதி ஒட்ட வேண்டும்.
ஒட்டவில்லை.
விரல்விட்டு எண்ணினேன்:
பதினோரு நாள் கடந்துவிட்டது.

டோனியாவின் கழுத்து சிவந்தது.
"என் தப்பு" என்றாள்,
மிஸஸ் சக்டன் அதே நொடியில்
"என் பெட்டி, என் தப்பு" என்றார்.
யார் தப்பு என்று கேட்கக் கட்டம் உண்டு;
இரண்டு பெயரும் கொள்ளும் அகலம் அதற்கில்லை.
எழுதினேன்.
மார்ச்சுக்காகப் பதினோரு நாளை விழுங்க முடியாது.
மயங்கி விழுகிறவருக்கு மார்ச் தெரியாது.

இதை மூடினால் அடுத்த நாற்காலி நாற்பது மைல்.
அதுவும் ஆய்வறிக்கையில் வராது,
ஆனால் திரும்பும் வழியெல்லாம் வரும்.
மூட வேண்டியதில்லை இன்று.
திருத்துக, பதினான்கு நாளுக்குள்.

பகலில் என் பிளாஸ்க்கிலிருந்து
என் தேநீரையே குடித்தேன். அவர்களுடையதைத் தொடக்கூடாது.
மிஸஸ் சக்டன் கையுறையைக் கழற்றியபடி
சற்று நேரம் பார்த்தார்.
"வலப்பக்கமாகவே விழுங்குகிறீர்கள்.
இடக் கடைவாய், கீழே. எத்தனை நாளாக?"

பிப்ரவரியிலிருந்து.
என் ஊரில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை.
இருநூறாவது ஆளாகக் காத்திருக்கிறேன்.

"மூன்றரைக்கு வர வேண்டியவர் வரவில்லை" என்றார்.
நாற்காலி காலியாக, விளக்கு அணையாமல்.
டோனியா எதுவும் சொல்லாமல்
ஒரு புதுக் காகிதக் கச்சையைப் பிரித்தாள்.

"கூடாது" என்றேன்.
"தெரியும்" என்றார்,
விளக்கை அணைத்தார்.

கடற்கரைச் சாலையில் தடுப்புப் பலகை
இந்த வாரம் இன்னும் பத்தடி பின்வாங்கியிருந்தது.
காரைத் திருப்பினேன்.
நாக்கு தானாகவே போய்
உடைந்த விளிம்பைத் தொட்டுத் தொட்டு வந்தது.