ஃப்ரம்

ஒத்தக்கடையில் என் கடை.
ஒரு ஜெராக்ஸ் மிஷின், இரண்டு கம்ப்யூட்டர்.
ஷட்டரைத் தூக்கினால் நேரே யானைமலை.
ஹைகோர்ட்டுக்குப் போகிற மனுக்கள்
இங்கேதான் அகல இடைவெளி விட்டு
பச்சைத் தாளில் இறங்கும்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
அழுதுகொண்டே சொன்னாலும் முப்பதுதான்.

நேற்று அடித்ததில் ஒரு பிழை.
ஜூனியர் வக்கீல் ஜெபக்கனி
சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பிவிட்டாள்.
ஃப்ரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கமா.
"மனுதாரர், அவர் கணவர், அவர் தகப்பனார்
மூவரையும் காப்பாற்றச் சொல்லி
ஜட்ஜிடம் கேட்கிறோமா?"

பதினெட்டு வருஷமாய் அடிக்கிறேன்.
அந்த வினைச்சொல் எனக்குப் பழக்கம்தான்.
ப்ரொடெக்ட்டுக்கு இரண்டு கை,
ஒன்று அணைக்க, ஒன்று தடுக்க.
அணைக்கிற கைக்கு ஆளைச் சொன்னால் போதாது,
தடுக்கிற கைக்கு எதிரே யார் என்று
எழுதிக் கொடுக்க வேண்டும்.
காய்ச்சலுக்கும் களவுக்கும் அகெய்ன்ஸ்ட் போட்டாலும் ஒத்துக்கொள்ளும்.
வீட்டு வாசலில் அரிவாளோடு நிற்பவருக்கு
ஃப்ரம்.

தமிழில் "காப்பாத்துங்க" என்று கத்தினால் போதும்.
யாரிடமிருந்து என்பதை
ஓடி வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.
எழுதும்போதுதான் சிக்கல்.
அப்பாவிடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள்.
முதல் ஆளாய் அவர் வந்து நின்றுவிடுகிறார்.
அவரைத் தாண்டித்தான் நான்.
என்னையும் தாண்டி, வாக்கியம் முடிகிற இடத்தில்,
அதுவரை உயிர் இருந்தால்,
காப்பு.

இங்கிலீஷில் காப்பு முந்திக்கொண்டு வருகிறது.
அப்பா கடைசியில்,
நாலெழுத்துக் கதவுக்கு அந்தப் பக்கம்.
அந்தக் கதவைத்தான் நான் வைக்க மறந்தேன்.

மனுதாரர் பெ. தவமணி, பி.எஸ்சி.,
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.
பக்கத்தில் அவன். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.
திருத்தணும் என்றதும் தாளை வாங்கி
வட்டத்துக்குள் இருந்த கமாவை
நகத்தால் தொட்டாள்.
"இது தப்பாக்கா?"
"தப்புதாம்மா. உங்கப்பாவும்
உங்க கூடச் சேந்துட்டாரு."

மேலூர் பஸ் ஒன்று நின்று
ஆளை ஏற்றிக்கொண்டு போகும்வரை
அவள் பேசவில்லை.
"அவருக்குச் சுகருக்கா.
ரெண்டு வேளையும் நாந்தான் ஊசி போடுவேன்.
இப்ப யாரு போடுறாங்கன்னு தெரியல."

நான் திரையைப் பார்த்தேன்.
அவள் பெயருக்கு முன்னால் அந்தப் பெ, ஒரு புள்ளி.
பெருமாள்சாமி.
மனு முழுக்கப் பதினோரு இடத்தில்
அவர் முன்னே நடக்க
இவள் ஓரெழுத்து பின்னால் வருகிறாள்,
திருவிழாக் கூட்டத்தில் சட்டை நுனியைப்
பிடித்துக்கொண்டு வருவதுபோல.
எந்த ஃப்ரம்மும் அந்தப் புள்ளிக்குள் நுழையாது.

கர்சரைக் கமாவுக்குப் பின்னால் வைத்து அழித்தேன்.
எஃப், ஆர், ஓ, எம்.
முன்னும் பின்னும் ஒரு தட்டு இடம்.
வரி சரியாகிவிட்டது.
பிரிண்டர் இழுத்து இழுத்துத் துப்பியது.

"அந்தத் தப்புத் தாள என்னக்கா செய்வீங்க?"
"பின்பக்கம் கணக்கு எழுதுவேன்."
"எனக்குத் தாங்களேன்."
நாலாய் மடித்து
சான்றிதழ்கள் இருந்த கவருக்குள் செருகினாள்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

ரோட்டில் இறங்கும் முன்
அவன் இரண்டு பக்கமும் பார்த்தான்.
ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டான்.
பின்னால் ஏறி உட்கார்ந்தவளுக்குத்
தலையில் ஒரு துப்பட்டா.