எண் பொருந்தவில்லை

காந்தத்தைக் கதவின் அடியில் வைத்தேன்.
கப்பென்று பிடித்தது. நல்ல இரும்பு, பட்டி இல்லை.
பின்சக்கர வளைவுக்கு மேல் வைத்தேன்,
நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது.
"அங்கே கொஞ்சம்" என்றார் சியா கிம் லெங்.
கொஞ்சத்துக்கும் என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
மூவாயிரம் வெள்ளி கழியும்.

உபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
சரக்கு லிப்ட் கதவு மூடும் இரைச்சலில்
எந்த வாக்கியமும் பாதியில் நின்று காத்திருக்கும்.
அறுபத்தெட்டாம் வருட மினி கூப்பர் எஸ்.
பாதாம் பச்சை, வெள்ளைக் கூரை.
வருடத்தில் நாற்பத்தைந்து நாள்தான் சாலை,
மிச்ச நாளெல்லாம் போர்வை.

விருந்துகளில் கேட்பார்கள்:
"வாகீஸ்வரி, பழசானால் விலை ஏறுமாமே?"
பழசு ஏறாது.
பழசான இரும்பு அமுங்கிக் கட்டியாகிக்
கப்பல்தான் ஏறும்.
ஏறுவது ஆசை.
பதினேழு வயதில் பஸ் நிறுத்தத்தில்
அது கடந்துபோவதைப் பார்த்து நின்றவன்
ஐம்பத்தைந்தில் காசோலை எழுதுகிறான்.
அப்படி நின்றவர்கள் தீர்ந்துபோனால்
அதே வண்டி, அதே பச்சை,
பாதி விலைக்கும் ஆள் தேடும்.
இதை அறிக்கையில் எழுத முடியாது.
"சந்தை நிலவரம்" என்று எழுதுவேன்.

பானெட்டைத் தூக்கி, டார்ச் அடித்து,
எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து
இன்ஜின் தகட்டைப் படித்தேன்.
பதிவுத்தாளில் இருந்தது வேறு எண்.
மறுபடி துடைத்தேன்.
துடைத்தால் மாறுகிற பொருளா அது.

"எழுபத்தொன்பதில்" என்றவர்
லிப்ட் மூடி முடியும்வரை பொறுத்தார்.
"தம்பியும் நானும் மாற்றிக்கொண்டோம்.
அவன் பத்து தீகாவில் பந்தயம் ஓட்டினான்,
என்னுடைய இன்ஜின்தான் வேகம்.
திங்கட்கிழமை திருப்பித் தருவதாகப் பேச்சு."

எந்தத் திங்கட்கிழமை என்று நான் கேட்கவில்லை.

போன மாதம், சிராங்கூன் கார்டனில்,
வெள்ளை மினி ஒன்றுக்கு
இதே வாக்கியத்தை எழுதியிருந்தேன்:
எண் பொருந்தவில்லை.
கைபேசியில் படம் இருந்தது. ஒத்துப் பார்த்தேன்.
கடைசி இலக்கம்வரை சரி.

ஏழு கிலோமீட்டர் இடைவெளி.
ஒரு சங்கிலிக் கப்பி, இரண்டு ஆள், ஒரு முழு நாள்.
இரண்டும் வீடு திரும்பினால்
வண்டிக்கு நாற்பதாயிரம் கூடும்,
ஆக எண்பது.
இத்தனை வருடமாய் இரண்டு கிழவர்கள்
பேசாமலிருக்கக் கட்டிவரும் தொகை.
என் தொழிலில் இதைவிட அரிய பொருள் பார்த்ததில்லை,
இதற்கு ஏலமும் கிடையாது.

"ஓடுகிறதா அது?"
"எது?" என்றேன். ஒருவர் வண்டியை
இன்னொருவரிடம் பேசுவது விதிக்குப் புறம்பு.
"உன் முகத்தில் தெரிகிறது. ஓடுகிறதா?"
"காலையில் கிளப்பும்போது" என்றேன்,
விதி எங்கேயோ தொலைய, "நீலப் புகை. அப்புறம் அடங்கிவிடும்."
"வால்வு சீல்" என்றார் உடனே.
"மாற்றமாட்டான். பந்தயத்தின்போதே சொன்னேன்.
மடையன், கேட்டால்தானே."

படிவத்தை நீட்டினேன்.
கழித்த தொகையை விரலால் தடவிப் பார்த்துக்
கையெழுத்துப் போட்டார், பேரம் பேசவில்லை.
இழுப்பறையைக் குடைந்து
ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம் எடுத்தார்.
கறுப்பு ரப்பர் வளையங்கள், எட்டு.
மேசையில் என் பக்கமாய்த் தள்ளிவிட்டு
போர்வையை உதறத் திரும்பிக்கொண்டார்.

என் காருக்குச் சிஓஇ மார்ச்சில் முடிகிறது.
அதன் விலை எல்லாருக்கும் தெரியும்,
யாரும் காந்தம் கொண்டு வரப்போவதில்லை.
கோப்பை வைக்கும் குழியில் பொட்டலம் கிடக்க
பார்ட்லி சாலைச் சிவப்பு விளக்கில் நிற்கிறேன்.
ஆபீசுக்கு நேரே போகவேண்டும்.
இடது சிக்னலைப் போட்டு, அணைத்து,
திரும்பவும் போடுகிறேன்.
பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான்.