அரைப்பேர்

தராசு முள்ளைப் பார்த்தே பழகிய கண் இது.
பதினெட்டுக் கிலோ வராவிட்டால் அரைப்பேர்.
விடிந்ததிலிருந்து மலையில் நின்றாலும்
செக்ரோலில் பாதி மனுஷி.

இப்போது நான் நிறுப்பது
ஐஸ்கிரீம் குச்சி.
மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செருகி
நூறு எண்ண வேண்டும், தாடை கெஞ்சினாலும்.
வீட்டுக்கு வந்த அன்று ஆறு.
இன்றைக்குப் பதினொன்று.
முழு வாய்க்குப் பதினெட்டு என்றாள்
கண்டி ஆஸ்பத்திரி நோனா.
பதினெட்டு!
சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் வாய் விரியவில்லை.

இடது கன்னத்தில்தான் எப்போதும் அடக்குவேன்.
வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு,
நகத்தளவு புகையிலை.
ஏழாம் நம்பர் மலையில் மழை இறங்கும்போது
உடம்பில் சூடாக இருந்த ஒரே இடம் அது.
பசிக்கும் அதுதான்,
அட்டை கடித்தால் துப்புவதற்கும் அதுதான்.
யாரும் என்னை ஏமாற்றவில்லை.
ருசியாகத்தான் இருந்தது.

கடைவாய்ப் பல் ஐந்தைப் பிடுங்கிவிட்டு
வெந்நீரில் போட்டெடுத்த வலையொன்றை
முகத்தில் வைத்து அழுத்தினார்கள்,
ரொட்டி தட்டுகிற மாதிரி.
ஆறியதும் அது என் முகம்.
அதை மேசையோடு பூட்டிவிட்டு
எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்துவார்கள்.
முப்பத்து மூன்று நாள் கரண்ட்.
உள்ளே கிடந்து பஸ் நிற்கும் இடங்களைச் சொல்லிக்கொள்வேன்:
ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை,
நாவலப்பிட்டி, கம்பளை.
கம்பளைக்குள் கதவு திறந்துவிடும்.
கழுத்துத் தோல் கறுத்து உரிந்த வாரங்களில்
கினிகத்தேனையைத் தாண்டவே
வெகுநேரம் எடுத்தது.

பக்கத்துக் கட்டில் குசுமாவதி, ஹங்குரான்கெத்த.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
என் சிங்களம் கடைக்குப் போய்வர மட்டும்.
நாக்கு வெந்த பிறகு இரண்டு பேருக்கும் ஒரே பாஷை:
விரலை மடக்கினால் தண்ணீர்,
நீட்டினால் வலி.
ஒரு காலை அந்தக் கட்டிலில் புது விரிப்பு.
வீட்டுக்குப் போனாளா என்று கேட்க
எனக்குச் சொல்லும் இல்லை, வாயும் இல்லை.

மருமகள் நிரோஷினி
ஒரே கோப்பையில் மாவு கரைப்பாள்.
பேரனுக்குக் கரண்டியில்,
எனக்கு மூக்குக் குழாயில்.
அவனுக்குப் பல் முளைத்தது.
குழாய் போனது, எனக்கு ருசி முளைக்கவில்லை.
தேத்தண்ணீர் துருப்பிடித்த தகரம்.
சம்பல் இருக்கும் பக்கம் போக முடியாது.
இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்,
போத்தலைத் தடவிப் பார்த்துத்தான் படுப்பேன்.
துப்பித் துப்பியே காலம் கழித்தவள்.
இன்றைக்கு ஒரு சொட்டு எச்சில் ஊறினால்
சம்பளம் மாதிரி
உள்ளேயே வைத்திருக்கிறேன்.

அந்த முகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.
கோழி கிளறாமல் இருக்க
லயத்துப் பின்பக்கம் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
மூக்கு இருந்த இடத்தில்
மிளகாய் நாற்று எட்டிப் பார்க்கிறது.

நேற்று மரகதவல்லி வந்தாள்.
வாயை அரைவாசி மூடிக்கொண்டே நலம் கேட்டாள்.
கன்னத்தில் உருண்டை.
விரலால் தட்டினேன். முழித்தாள்.
போய்ப் பீலியில் கொப்பளித்துவிட்டு வந்து
திறந்து காட்டினாள்.
அம்மாடி, எவ்வளவு பெரிய வாய்!
பதினெட்டுக் குச்சியும் நின்று
இன்னும் இடம் மிச்சம்.
பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

போன் லைட்டைப் பிடித்தேன்.
ஓரத்தில், அரிசிமணி அளவு வெள்ளை.
வழித்துப் பார்த்தேன், வரவில்லை.

சம்பளத் துண்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன்:
வெள்ளிக்கிழமை. பல் கிளினிக்.
ஒரு பேர் போனால் போகட்டும்.
நானும் வருகிறேன்.

அவள் மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.
வெற்றிலைப் பையை
எடுத்துக்கொண்டும் போனாள்.

விளக்கை அணைக்குமுன்
பன்னிரண்டாவது குச்சியை எடுத்தேன்.
நுழையவில்லை.
தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன்.