கால் கணக்கு

பேசாதே, உட்காராதே, மூலையில் நின்று எண்ணு.
நாளுக்கு இருநூற்று எண்பது ராண்ட்.
மழை வந்தாலும் அதுதான், வெயில் வந்தாலும் அதுதான்.

உள்ளங்கையில் ஓர் எஃகு உருண்டை.
கட்டைவிரலால் ஓர் அமுக்கு, ஓர் ஆள்.
சட்டைத் தொழிற்சாலை மூடும்வரை
பொத்தான் எண்ணிய விரல் இது,
சொல்லித்தர வேண்டியதில்லை.

டர்பன். துறைமுகத்தின் சங்கு கேட்கும் தூரம்.
தெருவுக்கு இரண்டு பெயர்:
புதியது பலகையில், பழையது டாக்சிக்காரர் வாயில்.
பதினேழு கடைகளில் ஒன்பதுக்கு
இரும்புத் திரை இறங்கிவிட்டது.
ஒரு திரையில் மட்டும் யாரோ வரைந்த மீன்.

முதலீட்டுக்காரர்கள் அனுப்பிய பையன், டெவன் மூட்லி,
பளபளக்கும் தாளை விரித்துக் காட்டினான்:
பெரிய அங்காடி, மருந்துக்கடை, காப்பிக்கடை,
கல் பாவிய நடைபாதை, வரிசைக்கு நட்ட மரங்கள்.
படத்தில் நடப்பவர்கள் எல்லாரும் ஒல்லி.
ஒருவர் தலையிலும் மூட்டை இல்லை.
ஒருவருக்கும் நிழல் விழவில்லை.

"ஆறாயிரம் பேர் நடக்கணும் ஒரு நாளில்.
குறைந்தால் அங்காடி வராது.
நடப்பவர்தான் கணக்கு, அக்கா.
நிற்பவர், உட்கார்ந்தவர் வேண்டாம்."

அப்படியென்றால் நொந்தொபெகோ இல்லை.
மீன் வரைந்த திரைக்கு முன்னால்
பதினோரு வருடமாகச் சோளம் சுடுகிறாள்.
ஆனால் கட்டணக் கழிப்பறைக்கு எதிர்ச்சாரி போனாள்,
அமுக்கினேன்.
திரும்பி வந்தாள், அமுக்கினேன்.
சாயங்காலத்துக்குள் அவள் எட்டுப் பேர்.

வியாழக்கிழமை: ஐயாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை துணிக்கடைப் பூபாலன்
காகிதத்தில் சுற்றிய சமோசாவோடு வந்தார்.
கட்டடம் அவருடையது. மூன்று வருடமாக
விற்கப் பார்க்கிறார், கேட்க நாதியில்லை.
"விரலைக் கொஞ்சம் தாராளமா வை, கோகி."
சமோசாவைத் தின்றேன். விரல் விரலாகவே இருந்தது.

அவர் போனதும் மாடியிலிருந்து இறங்கினாள் சொலாஞ்ச்,
கின்ஷாசாவிலிருந்து வந்து தலை பின்னுகிறவள்.
"அங்காடி வந்தால் வாடகை மூன்று மடங்காகும்.
நீ கொஞ்சம் கண்ணசந்தால் என்ன?"
அவளிடம் சமோசா இல்லை.
என் காதோரத்து நரையைத் தொட்டுப் பார்த்து
"நாளைக்கு வா, காசில்லாமல் பின்னிவிடுகிறேன்" என்றாள்.
மாட்டேன் என்றேன், மனசே இல்லாமல்.

சனிக்கிழமை இருவரும் காலால் பேசினார்கள்.
பூபாலனின் மகன்கள், மருமகன்,
மருமகனின் கிரிக்கெட் குழு மொத்தமும்
சர்க்கரையைக் கண்ட எறும்பாகக் கட்டடத்தைச் சுற்றினார்கள்.
ஒரே மஞ்சள் பனியன் பத்தொன்பது முறை என்னைக் கடந்தது,
பதினைந்தாம் முறை நொண்டியது.
சொலாஞ்ச் தன் வாடிக்கைக்காரிகளைப்
பின்சந்துக் குப்பைத்தொட்டி வழியாக மேலே ஏற்றினாள்.
பாதிப் பின்னலோடு ஒருத்தி சன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

என்ன கூட்டம் என்று பார்க்க
டாக்சி நிறுத்தத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.
வந்தவர்களைப் பார்க்க வேறு ஆட்கள்.
சிம் கார்டு விற்பவன் இரண்டாவது குடையை விரித்தான்.
வருடக்கணக்கில் திறக்காத ஒரு திரை
கிறீச்சிட்டுப் பாதி உயர்ந்தது:
உள்ளே செருப்புப் பெட்டிகள், தூசி,
பழைய விலை எழுதிய அட்டை, அதே விலைக்கு.

நாலரை மணிக்குக் கருவி 9999 காட்டியது.
விரல் நிற்கவில்லை.
0000.

படிவத்தில் என்ன எழுத?
ஈயாடும் தெரு என்றா, பத்தாயிரம் பேர் என்றா?
கருவி காட்டுவதை எழுது என்றுதான் சொன்னார்கள்.
அதையே எழுதினேன்.
திங்கட்கிழமை டெவன் கத்துவான். கத்தட்டும்.

பசித்தது.
நொந்தொபெகோ கதிரின் சாம்பலை ஊதி
உப்பும் மிளகாயும் அழுத்தித் தேய்த்தாள்.
ஐம்பது ராண்டுக்குச் சில்லறை இல்லாமல்
மார்புத்துணி, டப்பா, பக்கத்துக்காரன் பை என்று தேடினாள்.
நான் நின்றேன்.
எனக்குப் பின்னால் மஞ்சள் பனியன், ஒரு காலில்.
அதற்குப் பின்னால் பூபாலன், சொலாஞ்ச்,
மீதி பின்ன வேண்டிய தலையோடு அந்தப் பெண்,
பெயர் தெரியாத நாலைந்து பேர்.

ஒருவரும் நடக்கவில்லை.